‘போதைதான்க்கா’ என்றால் போதாது

போன வாரம் மதியச் சாப்பாடு முடிந்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குழாயில் நின்ற பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். எங்கள் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர், என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள்.

“அக்கா, நல்ல சென்டர் ஏதாச்சும் தெரியுங்களா?”

எந்த சென்டர் என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக் கதை கம்பெனியில் பாதிப் பேருக்குத் தெரியும். கொழுந்தனாருக்காம். வயது 26.

“என்ன எடுக்கறாரு?”

“போதைதான்க்கா.”

“சரி, என்ன போதை? சரக்கா, மாத்திரையா, ஊசியா, கஞ்சாவா?”

அவள் முழித்தாள். “எதுவா இருந்தா என்னங்க்கா? விட்டாப் போதும்.”

பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். என் அப்பா, என் தம்பி, என் அம்மா, மூன்று பேரும் மூன்று விதமாக மாட்டிக்கொண்டார்கள். மூன்று பேரிடமும் நாங்கள் தப்பான நேரத்தில் தப்பான காரியத்தைத்தான் செய்தோம். எல்லாப் போதையும் ஒன்றுதான் என்று நினைத்ததுதான் காரணம். அன்றைக்கு அவளிடம் குழாயடியில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன்.

அப்பாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். திருப்பூரில் பவர்டேபிள் டெய்லர். பனியன் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், நல்ல பவர்டேபிள்காரர் என்றால் காண்ட்ராக்டர் வீடு தேடி வருவார். அப்பா அப்படிப்பட்டவர். எங்கள் ஊரில் ‘கட்டிங்’ என்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். ஒன்று துணி வெட்டுகிற செக்‌ஷன். இன்னொன்று குவார்ட்டரில் பாதி. அப்பாவுக்கு இரண்டாவது இல்லாமல் முதலாவதிலிருந்து வந்த துணியைத் தைக்க முடியாது என்ற நிலைமை 2013 வாக்கில் வந்துவிட்டது. காலையில் எழுந்தால் கை நடுங்கும். ஊசியில் நூல் கோக்க முடியாது. முந்தின ராத்திரியே வாங்கி மிச்சம் வைத்த கட்டிங்கைக் குடித்த பிறகுதான் நடுக்கம் நிற்கும். நாங்கள் அதைக் கொழுப்பு என்று நினைத்தோம். காலை நடுக்கமும் அதை நிறுத்தக் குடிப்பதும் உடம்பே குடியைச் சார்ந்துவிட்டதற்கு அடையாளம் என்று அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல ஆளில்லை.

இதற்கு முன்னாலேயே அம்மா ஒரு வைத்தியம் செய்து பார்த்திருந்தார். ‘குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்த’ என்று சுவரெல்லாம் ஒட்டியிருப்பார்களே, அதில் ஒன்று. பொடியை வாங்கி ரசத்தில் கலந்து கொடுத்தார். அன்று ராத்திரி அப்பா குடித்துவிட்டு வந்தபோது முகமெல்லாம் செம்பருத்தி மாதிரி சிவந்து, நெஞ்சு படபடவென்று அடித்து, வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தார். பொடியில் என்ன இருந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பின்னால் ஒரு மனநல மருத்துவரிடம் இதைச் சொன்னபோது, டைசல்ஃபிரம் மாதிரி எதையாவது கலந்திருப்பார்கள் என்றார். அது நிஜ மருந்துதான். சாராயத்தைச் சிதைக்கிற வேலையைப் பாதியில் நிறுத்தி, விஷமான இடைப்பொருளை உடம்பில் தேக்கிவிடும். குடித்தால் இப்படி ஆகும் என்று தெரிந்து, சம்மதித்து எடுப்பவருக்குத்தான் அதைக் கொடுக்க வேண்டும். தெரியாமல் கொடுத்தால், இருதயம் பலவீனமான ஆள் போய்ச் சேர்ந்துவிடலாம். அம்மா இதைக் கேட்டுவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

2014 கார்த்திகையில் அப்பா தானாகவே ஐயப்பனுக்கு மாலை போட்டார். வீடே பூரித்துப் போனது. அன்றிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. இரண்டாம் நாள் வியர்வை, வாந்தி. “கெட்டதெல்லாம் வெளியேறுது” என்றார் பக்கத்து வீட்டுத் தாத்தா. அன்று சாயங்காலமே ஒரு தடவை வலிப்பு வந்து நின்றது. பக்கத்தில் இருந்த கிளினிக்கில் பலவீனம் என்று ஒரு குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ராத்திரியை நான் மறக்கவே முடியாது. கறுப்பு வேட்டியும் மாலையுமாகப் பாயில் படுத்திருந்த அப்பா தைக்க ஆரம்பித்தார். நிஜமாகத்தான் சொல்கிறேன். வலது கால் பெடலை மிதிக்கிற மாதிரி அழுத்தி அழுத்தி எடுத்தது. இரண்டு கையும் இல்லாத துணியைத் தள்ளிக்கொடுத்தன. நடுவில் நிறுத்தி, நூல் அறுந்த மாதிரி விரலை நாக்கில் ஈரப்படுத்தி, இல்லாத நூலை இல்லாத ஊசியில் கோத்தார். சுவரில் பூச்சி போகிறது, துணியில் படுது, துணியில் படுது என்று கத்தினார். குருசாமியைக் கூப்பிட்டோம். ஐயப்பன் சோதிக்கிறார் என்றார் அவர். அம்மா சூடம் ஏற்றினார். நல்ல வேளையாக மாமா வந்து, உடம்பைத் தொட்டுப் பார்த்து அடுப்பாகக் கொதிக்கிறதே என்று ஆட்டோ பிடித்தார்.

அரசு மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா எப்ப குடிச்சார்?” என்பது. நாங்கள் பெருமையாக, “மூணு நாளா தொடலைங்க டாக்டர்” என்றோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

குளுக்கோஸ் ஏற்றியதைச் சொன்னதும் இன்னும் கோபம். நாள்பட்ட குடிகாரர்களுக்கு உடம்பில் தையமின், அதாவது பி1 வைட்டமின், வறண்டு போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளைக்குக் கேடு, நினைவே போகலாம். ஊசி வழியாகத் தையமின் போய், கூடவே தூக்க மருந்து வகையைச் சேர்ந்த மருந்தை அளந்து கொடுத்து, அப்பா தெளிய ஐந்து நாள் ஆனது.

பிறகு வார்டில் ஒரு மேடம் அம்மாவுக்கு விளக்கினார். “ஒரு கதவை வெளியில இருந்து ஒருத்தன் இருபது வருஷமா தள்ளிக்கிட்டே இருக்கான்னு வைங்கம்மா. கதவு திறந்திடக் கூடாதுன்னு மூளை உள்ளே இருந்து எதிர்த்துத் தள்ளுது. சாராயந்தான் வெளியில தள்ற ஆளு. அவன் திடீர்னு விலகிட்டா உள்ளே தள்றவன் என்ன ஆவான்? பிச்சுக்கிட்டு வந்து தெருவுல விழுவான். அந்த விழற நாள்தான் நீங்க பார்த்தது.” தினமும் நிறையக் குடித்த ஆள் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டிலிருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றலும் காய்ச்சலும் வரலாம், கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அதற்காகக் குடித்துக்கொண்டே இருங்கள் என்று அர்த்தமில்லை, டாக்டர் பார்வையில் நிறுத்துங்கள் என்றுதான் அர்த்தம். மாலை போடுவது, கோயிலில் கயிறு கட்டுவது எதையும் நான் குறை சொல்லவில்லை. அப்பாவை இன்றுவரை தாங்குவதில் அந்தச் சபரிமலைக்கும் பங்கு உண்டு. ஆனால் மாலைக்கு முன்னால் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்.

ஒரு கணக்கு. குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் சுத்த சாராயம் மட்டும் சுமார் 60 கிராம். மருத்துவக் கணக்கில் 10 கிராம் ஒரு அளவு என்றால் ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. ‘ஒரே ஒரு குவார்ட்டர்தான்’ என்று சொல்பவர்களிடம் நான் இதைச் சொல்லி நிறையக் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன்.

அப்பா அப்புறம் இரண்டு தடவை சறுக்கி, குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்து, 2016இலிருந்து குடிக்கவில்லை. அத்தோடு எங்களுக்குப் போதையைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

2022இல் தம்பிக்கு 21 வயது. பாலிடெக்னிக்கில் கஞ்சாப் பொட்டலம் பிடித்தது தெரிந்து ஏற்கெனவே சண்டை போட்டிருந்தோம். அது நின்றுவிட்டது என்று நம்பினோம். ஒரு வகையில் நின்றுதான் போயிருந்தது. சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டான். சாப்பிடும்போதே தலை தொங்கித் தூங்கினான், கூப்பிட்டால் உடனே விழித்துப் பதில் சொன்னான். மூக்கையும் கன்னத்தையும் சொறிந்துகொண்டே இருந்தான். கண்ணில் பாப்பா கடுகு அளவு சுருங்கியிருந்தது. சரக்கு வாடையே இல்லை. அதனால் அப்பா, “அவன் குடிக்கலை, எனக்குத் தெரியும்” என்று அடித்துச் சொன்னார். பாத்ரூம் வெண்டிலேட்டரில் ஒரு சின்ன ஆரஞ்சு மூடியை அம்மா எடுத்து வந்து, “இது என்ன கண்ணு?” என்று கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. இன்சுலின் ஊசி மூடி.

டேபெண்டடால். ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொடுக்கிற வலி மாத்திரை. அபின், ஹெராயின், கொடின் இருமல் சிரப் எல்லாம் இருக்கிற அதே குடும்பம். அதை ஊசியில் ஏற்றுகிற பழக்கம் தமிழ்நாட்டில் பையன்களிடம் பரவி, போலீஸ் பிடித்தது என்று அடிக்கடிச் செய்தி வருகிறதே, அதுதான். விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் மாவும் சுண்ணாம்பும் மாதிரி என்னென்னவோ சேர்ந்திருக்கும். அது நரம்பை அடைக்கும், கை சீழ் பிடிக்கும், நுரையீரல் வரைக்கும் போகும். ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி. தம்பிக்குப் பிறகு எடுத்த டெஸ்டில் இரண்டும் இல்லை என்று வந்த அன்று அம்மா முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டார்.

இந்த இடத்தில்தான் பெரிய தப்பைச் செய்தோம். சொந்தக்காரர் ஒருவர் சொன்ன மறுவாழ்வு மையத்துக்குப் போன் செய்தோம். ராத்திரி வேனில் நான்கு பேர் வந்து தம்பியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் “அக்கா” என்று கத்தியது தெருவுக்கே கேட்டது. 30 நாள். அங்கே டாக்டர் கிடையாது, மருந்து கிடையாது. பூட்டி வைத்தார்கள். அவன் மூக்கொழுகி, கொட்டாவி விட்டு, மயிர்க்கூச்செறிந்து, வயிற்றாலே போய், கால் குடைச்சலில் தூங்காமல் ஒரு வாரம் கிடந்தான். அதைப் பார்த்து அங்கிருந்தவர்கள் சிரித்தார்களாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மது, போதைப்பொருள் பாதிப்பும் அடங்கும், யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது, இப்படிப்பட்ட இடங்களுக்குப் பதிவு இருக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதுதான். அன்றைக்கு நாங்கள் கேட்டது ஒரே கேள்வி, மாதம் எவ்வளவு என்று.

முப்பதாம் நாள் சுத்தமாக வந்தான். சாப்பிட்டான், அம்மாவோடு பேசிச் சிரித்தான். நான்காம் நாள் பாத்ரூம் கதவை உடைத்தோம். உதடு நீலம். மூச்சு எப்போதாவது ஒன்று, குறட்டை மாதிரி. 108 வந்து, ஆஸ்பத்திரியில் அபின் வகை மருந்தை முறிக்கிற நலாக்சோன் ஊசி போட்டதும் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவன் மாதிரி விழித்தான்.

பழைய அளவைத்தான் போட்டிருந்தான், ஒரு பொட்டுகூட அதிகமில்லை. ஆனால் முப்பது நாளில் உடம்பு அந்த அளவை மறந்துவிட்டது. அப்பாவுக்கு நிறுத்திய மூன்றாம் நாள் ஆபத்து. தம்பிக்கு நிறுத்திய வாரம் நரக வேதனை, ஆனால் அந்த வேதனையால் உயிர் போவது அபூர்வம். அவன் வகையில் கண்டம் நிறுத்தி முடித்து, சுத்தமாகி, வீடு திரும்பிய பிறகுதான் காத்திருக்கிறது. நாங்களோ அப்பாவுக்கு வந்த கண்டத்தை மனதில் வைத்து, முதல் வாரம் தாண்டியதும் நிம்மதியாகிவிட்டோம்.

மருத்துவமனையில் தம்பிக்குப் பியூப்ரனார்ஃபின் ஆரம்பித்தார்கள், நலாக்சோன் சேர்ந்த மாத்திரையாக. அதுவும் அபின் குடும்பம்தான். ஆனால் மெதுவாக ஏறி, ஒரு அளவுக்கு மேல் ஏறாமல், நாள் முழுக்கத் தாங்கும். ஏக்கம் அடங்கும், வேலைக்குப் போகலாம். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய மருந்து உடம்பில் இருக்கும்போதே இதைப் போட்டால் அதைத் தள்ளிவிட்டு உட்காரும், கொஞ்ச நேரத்திலேயே கடும் அவஸ்தை வரும். அதனால் கொட்டாவியும் நடுக்கமும் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்து கொடுத்தார்கள். இங்கேயும் அதே கேள்விதான் முதலில் வந்தது, “கடைசியா எப்ப?”

வீட்டில் இதற்கு எதிராக நின்றது யார் தெரியுமா? அப்பா. “நான் மாத்திரை இல்லாமத்தானே விட்டேன்? போதைக்குப் போதையா?” என்று ஆறு மாதம் முறைத்தார். சர்க்கரைக்கு அவர் தினமும் போடுகிற மாத்திரையை நான் அவர் முன்னால் எடுத்து வைத்ததும், அன்று மட்டும் பேச்சு நின்றது. ஆரம்பத்தில் தினமும் நர்ஸ் கண்முன்னே மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். அதுவரை பேசக் கூடாது, விழுங்கக் கூடாது. பிறந்ததிலிருந்து வாய் மூடாத என் தம்பி பெஞ்சில் வாயை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே நினைவில்லை. இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறான், அளவு குறைந்திருக்கிறது. பிரிண்டிங் யூனிட்டில் வேலை. அப்பாதான் பைக்கில் கூட்டிப் போகிறார், போகும்போதும் வரும்போதும் முணுமுணுத்துக்கொண்டே.

மூன்றாவது அம்மா. இதை எழுதலாமா என்று அம்மாவிடமே கேட்டேன். “எழுது, நாலு பொம்பளைங்களுக்குத் தெரியட்டும்” என்றார்.

தம்பியைச் சேர்த்த அன்று டாக்டர், வீட்டில் வேறு யாராவது தூக்க மாத்திரை போடுகிறார்களா என்று கேட்டார். தம்பி அதையும் சேர்த்து எடுத்திருக்கலாம், சேர்ந்தால் மூச்சு நிற்கிற வாய்ப்பு இன்னும் அதிகம் என்பதால். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்பாவின் குடிக் காலத்தில் தூக்கம் வராமல் ஒரு டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்த அல்ப்ரசோலம். பழைய சீட்டைக் காட்டி, அப்புறம் சீட்டே இல்லாமல், ஒன்பது வருஷம். ராத்திரி ஒன்று என்று ஆரம்பித்தது மத்தியானமும் ஒன்று என்று ஆகியிருந்தது. இந்த மாத்திரைகள் ஷெட்யூல் எச்1 பட்டியலில் இருப்பவை. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதுவார்கள், எழுதுவார்கள்.

அவமானத்தில் அம்மா அன்றே எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டார். ‘பிள்ளையை விடச் சொல்லிட்டு நான் போடறதா?’ மூன்றாம் நாள் கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடுதல். அப்பாதான் பார்த்துவிட்டுச் சொன்னார், “இது எனக்கு வந்த மாதிரியே இருக்கு.” சரியாகச் சொன்னார். தூக்க மாத்திரையும் சாராயமும் மூளையில் அழுத்துவது ஒரே கதவைத்தான். திடீரென்று நிறுத்தினால் இதிலும் வலிப்பு வரும். மெதுவாக வேலை செய்கிற வேறு மாத்திரைக்கு மாற்றி, இரண்டு வாரத்துக்கு ஒரு துளி என்று குறைத்து, எட்டு மாதம் ஆனது. கடைசி மாதங்களில் அம்மா ஷேவிங் பிளேடால் மாத்திரையைக் கால்வாசியாக வெட்டி, விபூதி மாதிரி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் போட்டுக்கொள்வார்.

2019இல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் வெளியிட்ட கணக்கெடுப்பில், இந்தியாவில் குடிப்பவர்கள் சுமார் 16 கோடி, அபின் குடும்பத்து மருந்துகளை எடுப்பவர்கள் சுமார் 2.26 கோடி என்று இருந்தது. டாக்டர் சொல்லாமலே தூக்க மாத்திரை வகை எடுப்பவர்கள் ஒரு கோடிக்கு மேல். இந்தக் கடைசிக் கூட்டத்தை யாரும் வேனில் வந்து தூக்கிப் போவதில்லை. அவர்கள் காலையில் கோலம் போட்டு, டிபன் கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மற்றவற்றைப் பற்றி எனக்கு நேரில் தெரிந்தது கொஞ்சம்தான். மாமா பையனுக்குக் கஞ்சாவில் காதுக்குள் குரல் கேட்க ஆரம்பித்து, மனநோய்க்குத்தான் மருந்து கொடுத்தார்கள். கஞ்சாவை விட்டால் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும், உயிராபத்து இல்லை. அதற்கென்று மாற்று மாத்திரையும் இல்லை, பேசிப் பேசித்தான் வெளியே கொண்டுவர வேண்டும். மெத் எனப்படும் ஐஸுக்கும் மாற்று மாத்திரை கிடையாது. அதை விட்டவர்கள் முதல் சில நாள் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார்கள். பிறகு வருகிற மனச்சோர்வில் தற்கொலை எண்ணம் வரலாம் என்பதால் தனியே விடக் கூடாது என்று வார்டில் சொல்லக் கேட்டேன். அப்பா இன்னும் ஹான்ஸ் புகையிலை போடுகிறார். அதற்கு நிகோடின் சூயிங்கம் இருக்கிறது என்று சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணிடம் குழாயடியில் நான் சொன்னது இவ்வளவுதான். சென்டர் அப்புறம். முதலில் என்ன எடுக்கிறார், எவ்வளவு, எத்தனை நாளாக, எந்த வழியாக, கூட வேறு என்ன, கடைசியாக எப்போது என்று கண்டுபிடி. காலி மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடாதே, டாக்டரிடம் காட்டு. சண்டை போட்டுக் கேட்டால் பொய்தான் வரும். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14446க்குப் போன் பண்ணு, போதை மீட்புக்கான தேசிய உதவி எண். மனநல ஆலோசனைக்கு 14416. போலீஸ் கேஸாகிவிடுமோ என்று அவளுக்குப் பயம். பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ மாட்டியவர், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு, 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு என்று சொன்னேன். நம்பின மாதிரி தெரியவில்லை.

நேற்று ராத்திரி பத்தரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. பூப்போட்ட பெட்ஷீட் மேல் வரிசையாக ஐந்து காலி அட்டை. மூன்று வலி மாத்திரை, இரண்டு தூக்க மாத்திரை. ஓரத்தில் ஒரு குவார்ட்டர் பாட்டில்.

உடனே போன் செய்தேன். “எப்படிக் கிடைச்சுது?”

“அவரே எடுத்துக் குடுத்தாருங்க்கா. திட்டலை, உட்கார வெச்சு சாப்பாடு போட்டுட்டுக் கேட்டேன்.”

“கடைசியா எப்போ?”

“வலி மாத்திரை இன்னிக்குக் காலைல ஆறு மணிக்கு. தூக்க மாத்திரை நேத்து ராத்திரி ரெண்டு. சரக்கு சனிக்கிழமை மட்டுந்தானாம். நோட்டுல எழுதி வெச்சிருக்கறேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அந்தத் தூக்க மாத்திரையை இன்னிக்கு நிறுத்தச் சொல்லட்டுங்களா, வேண்டாங்களா?”

“நீ எதையும் நிறுத்தவும் வேண்டாம், நீயா குடுக்கவும் வேண்டாம். ராத்திரி தனியா விடாதே. கூப்பிட்டு எழும்பலைன்னாலோ, மூச்சு ஒரு மாதிரி இருந்தாலோ 108. காலைல ஓபி எட்டு மணிக்கு. நோட்டை எடுத்துட்டு வா, நானும் வர்றேன்.”